பஞ்சப் படங்களை நம்பலாமா?

வெள்ளம், போர் என்று எந்தப் படம் பேப்பரில் வந்தாலும், "இது செட்டப்புடா" என்று வகுப்பில் ஒருவன் சொல்லிவிடுகிறான். இந்தச் சந்தேகம் புதுசு இல்லை நண்பர்களே!

1876-78ல் தாது வருஷப் பஞ்சம். 50 லட்சத்துக்கும் மேல் இறந்ததாக மதிப்பீடு. அப்போது சென்னை ராணுவத்தில் இருந்த ஹூப்பர் என்ற ஆங்கிலேய அதிகாரி, பட்டினியில் வாடியவர்களைப் படம் எடுத்தார். எலும்பும் தோலுமாக இருப்பவர்களைக் கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி உட்கார வைத்திருப்பார்.

அப்படியானால் பொய்ப் படமா? இல்லை. அன்றைய கேமராவுக்கு முன்னால் அசையாமல் இருந்தாக வேண்டும். உட்கார்ந்த விதம் அவர் சொன்னது. ஆனால் துருத்திய விலா எலும்பு அவர் செய்தது இல்லையே!

அதற்காக ஹூப்பர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. 1886ல் பர்மாவின் மாண்டலேயில், கைதிகளைச் சுட்டுக் கொல்லும் கணத்தைப் படம் பிடிக்க வசதி செய்துகொண்டார் என்று அவர் மேலேயே புகார். விஷயம் லண்டன் பார்லிமென்ட் வரை போய், விசாரணையும் நடந்தது.

எடுத்த ஆளைச் சந்தேகப்படலாம். படத்தில் எது அடுக்கியது, எது நிஜம் என்றும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் மொத்தத்தையும் பொய் என்று தள்ளக்கூடாது.

எங்கள் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் காவிரித் தண்ணீர் பாய்கிற பூமி. தஞ்சை டெல்டா அந்தப் பஞ்சத்தில் மற்ற மாவட்டங்கள் அளவுக்கு அடிபடவில்லை. நெல் வயலைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தப் பட்டினியைக் காட்டியது இந்தப் படங்கள்தான். இதையும் "செட்டப்" என்று ஒதுக்கிவிட்டால், செத்தவர்களுக்கு யார் சாட்சி?