ஒரு பதக்கமும் அதன் சாட்சியமும்

கடலும் அடையாற்று முகத்துவாரமும் அணைந்து கிடக்கும் சாந்தோம், இன்று தேவாலயத்தாலும் கடற்கரையாலும் பெயர் பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டிலோ அது படைகள் வந்து போன நிலம். 1746 அக்டோபர் 24ஆம் நாள், ஆற்காட்டு நவாப் அன்வருத்தீன் கானின் மைந்தர் மஹ்பூஸ் கானின் பெரும்படை, பிரெஞ்சுக்காரரின் சிறுபடையிடம் இங்கே அடையாற்றங்கரையில் தோற்றது. 1767இல் இளைஞராயிருந்த திப்பு தம் குதிரைப்படையுடன் இவ்வட்டாரம் வரை வந்து கும்பினியாரைக் கலங்கடித்தார். அவர் தந்தை ஹைதர் அலி 1769இல் சென்னையின் வாசலில் நின்றே உடன்படிக்கை எழுதச் செய்தார்.

படைகள் போய்விட்டன, அவற்றின் சின்னங்கள் எஞ்சியுள்ளன. பதக்கம், தொப்பிச் சின்னம், முத்திரை மோதிரம் என அவை பழம்பொருள் வணிகரிடமும் வீட்டுப் பெட்டிகளிலும் கிடக்கின்றன. இவற்றை யாருடையவை, எக்காலத்தவை என அறிவது எப்படி? ஹதீஸ் கலையில் நம் முன்னோர் வகுத்த முறை இங்கும் உதவும். செய்தியின் வாசகமாகிய மத்னை ஆராய்வார்கள். அதைக் கொண்டுவந்தோரின் தொடராகிய இஸ்னாதையும் ஆராய்வார்கள். ஒன்றிருந்து மற்றது இல்லையேல் தீர்ப்பளிக்கத் தயங்குவார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதன் முகப்பில் ஒரு சிங்கம் புலியை வீழ்த்தி நிற்கிறது. மேலே பறக்கும் கொடியில் ‘அசதுல்லாஹில் ஃகாலிப்’ என்னும் அரபு வாசகம். ‘வெற்றிகொள்ளும் அல்லாஹ்வின் சிங்கம்’ என்பது பொருள். ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுக்குரிய சிறப்புப் பெயர் அது. திப்பு சுல்தான் இதே வாசகத்தைப் புலிமுக வடிவில் எழுதச் செய்து, தம் கொடிகளிலும் படைக்கலங்களிலும் பொறித்திருந்தார். எனவே அரபு தெரிந்த ஒருவர் அவசரப்பட்டால், ‘இது சுல்தானின் பதக்கம்’ என்று சொல்லிவிடுவார்.

உண்மை நேர்மாறானது. 1799 மே 4ஆம் நாள் சுல்தான் ஷஹீதான போரின் வெற்றியைக் கொண்டாடக் கும்பினி வார்த்த பதக்கம் இது. வீழ்ந்து கிடக்கும் புலி மைசூர். மேலே நிற்கும் சிங்கம் ஆங்கிலேயர். தோற்றவரின் வாசகத்தையே எடுத்து வென்றவர் தம் சிங்கத்துக்குச் சூட்டிக்கொண்டனர். பின்பக்கத்தில் கோட்டையைத் தாக்கும் காட்சி உள்ளது. கீழே பார்சி மொழியில் கோட்டையின் பெயரும் நாளும் உள்ளன. உச்சியில் நிற்கும் சூரியன் தாக்குதல் நடந்த நண்பகலைக் குறிக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் ஸோஹோ அச்சுச் சாலையில் வார்க்கப்பட்டு, 1808இல் இது வழங்கப்பட்டது. தளபதிகளுக்குத் தங்கம், இடைநிலை அதிகாரிகளுக்கு வெள்ளி, சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். உலோகத்தைக் கண்டே பெற்றவரின் படிநிலையை ஊகிக்கலாம். சென்னைப் படையின் சிப்பாய்களும் இதைப் பெற்றவர்களே.

ஆண்டு எண்ணைப் படிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். திப்பு சுல்தான் ஹிஜ்ரி 1201ஐ 1215 என மாற்றி, ‘மவ்லூதி’ என்னும் புதிய ஆண்டுக் கணக்கை நடைமுறைப்படுத்தினார். அதன்பின் வந்த நாணயங்களில் இலக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும். 6221 எனத் தோன்றுவது 1226, அது கி.பி. 1798. அதையே ஹிஜ்ரி எனக் கொண்டால் 1811 ஆகிவிடும்; சுல்தான் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பின்! இந்தக் கணக்கை அறியாதவர் உண்மையான பொருளையே போலி என்று ஒதுக்கிவிடக்கூடும்.

இனி இஸ்னாத். 2014இல் லண்டனில் கிறிஸ்டி நிறுவனம் ஒரு பொன் மோதிரத்தை ஏலம் விட்டது. எடை சுமார் 41 கிராம்; விலை 1,45,000 பவுன். அதில் தேவநாகரியில் ‘ராம்’ என்று பொறித்திருந்தது. திப்பு சுல்தானின் விரலிலிருந்து கழற்றப்பட்டது என்றே அது விற்கப்பட்டது. மோதிரம் தன் வாயால் சொல்வது ‘ராம்’ என்னும் பெயரை மட்டுமே. சுல்தானின் விரல் என்பது அதை வைத்திருந்தோர் வழி வந்த செய்தி. முன்னதைக் கண்ணால் காணலாம். பின்னதற்கு ஆவணம் கேட்க வேண்டும். விலையோ பின்னதற்கே தரப்பட்டது.

பிற்காலச் சின்னங்களிலும் இதே கவனம் தேவை. மெட்ராஸ் ரெஜிமெண்டின் யானை, 1803இல் நடந்த அஸாயே போரின் நினைவு. அதற்காக யானைச் சின்னமெல்லாம் 1803ஐச் சேர்ந்தவை ஆகா. சின்னத்தில் பிரிட்டிஷ் மணிமுடி இருந்தால் அது பழைய ஆட்சியின் வடிவம். அசோகச் சிங்கங்கள் இருந்தால் 1950 ஜனவரி 26ஆம் நாள் குடியரசு மலர்ந்த பிறகு ஏற்பட்டது. முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருக்கும். அது எல்லாருக்கும் பொது. விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கேதான் உள்ளன.

அந்த விளிம்பு தேய்ந்தால் மனிதர் மறைந்தார். பளபளப்புக்காகப் புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பதும், வெள்ளி விலைக்கு எடைபோட்டுக் கொடுப்பதும் நம் இல்லங்களில் நடந்து வருபவை. பாட்டனார் பஸ்ராவுக்குப் போனார், பர்மாவுக்குப் போனார் என்று சொல்லும் குடும்பங்களில் அதற்கு எழுத்துச் சான்றாக எஞ்சியிருப்பது சில வேளை அவ்வொரு வரியே. பெட்டியில் அத்தகைய பொருள் இருந்தால் தேய்க்காதீர்கள். விளிம்பிலுள்ளதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் படியெடுங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதையும் வீட்டு மூத்தோரிடம் கேட்டு அதனடியில் எழுதி, நாளிட்டு, பொருளோடு சேர்த்து வையுங்கள். மூத்தோர் இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். உலோகம் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க முடியாது.