குறுங்குழல் ரைபிளும் நடுத்தரத் தோட்டாவும்

சரித்திரம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் அரசர் பரம்பரையும் போர்க்களங்களின் பெயர்களுமே நம்மவரிற் பெரும்பாலோர் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் கலப்பைக்குச் சரித்திரம் உண்டு, செக்கிற்கு உண்டு, தறிக்கும் உண்டு. அவ்வாறே, உள்ளங்கையில் அடங்கும் பித்தளைக் குப்பியாகிய தோட்டாவிற்கும் ஒரு சரித்திரம் இருக்கின்றது. பெருமிருக வேட்டைக்குரிய நடுத்தரத் துவாரத் தோட்டாக்கள் எவ்வாறு தோன்றின, அவற்றுள் எவை குட்டையான குழலிலும் தம் வேலையைச் செவ்வையாய்ச் செய்தன என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். நம் தேசத்தில் வேட்டை என்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிவுற்ற கதையாதலின், இதனைக் காய்தல் உவத்தலின்றிப் பேசுதல் நமக்கு எளிது.

துவாரம் என்றது குழலின் உட்குறுக்களவை. அது ஏறக்குறைய 0.33 அங்குலத்திற்கும் 0.40 அங்குலத்திற்கும் இடைப்பட்டதாயின் நடுத்தரம் என்பது வேட்டைக்காரர் வழக்கு. அதனிற் சிறியது மானுக்கும் ஆட்டிற்கும் உரியது. பெரியது யானைக்கும் காட்டெருமைக்கும் உரியது. நடுவில் நிற்பது இருதிறத்திற்கும் ஓரளவு உதவுவது. வழிநடையில் ஒரே துப்பாக்கியைச் சுமந்து செல்பவன் இதனையே நாடினான் என்பதில் வியப்பில்லை.

பழைய காலத்துக் கரிமருந்து இத்தகைய நடுவழியை அனுமதிக்கவில்லை. அம்மருந்தால் ரவைக்கு மிகுந்த வேகம் கொடுக்க இயலாது. ஆகவே கனத்தினாலேயே மிருகத்தை வீழ்த்த வேண்டியதாயிற்று. 1848ஆம் ஆண்டில் இலங்கையின் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், தாம் கையாண்ட ரைபிளைத் தம் நூலில் வருணித்திருக்கின்றார். அதன் நிறை 21 ராத்தல். குழலின் நீளம் 36 அங்குலம். அது வீசியது மூன்று அவுன்சு உருண்டை ரவை, அல்லது நான்கு அவுன்சுக் கூம்பு ரவை. முழு வாழைத்தாரொன்றைத் தோளிற் சார்த்திக்கொண்டு குறி பார்ப்பதற்கு ஒப்பானது இது. பேக்கர் பலவான், மற்றவர்க்கு அது கூடாது.

மாறுதல் பிரான்சிலிருந்து வந்தது. 1884ஆம் ஆண்டில் பால் வியேய் என்பவர் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1889ஆம் ஆண்டில் ஏபெல், டூவர் என்னும் இருவர் இங்கிலாந்தில் கார்டைட் என்னும் கயிற்றுருவ மருந்திற்கு உரிமை பெற்றனர். 1898ஆம் ஆண்டில் ரிக்பி கம்பெனியார் 480 கிரெயின் ரவையை வினாடிக்கு 2150 அடி வேகத்திற் செலுத்தும் 450 தோட்டாவை வெளியிட்டார்கள். (ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின் என்பதை நேயர்கள் நினைவில் வைப்பாராக.) ஓரங்குலத்தினும் அகன்ற பழைய குழல்கள் அன்றே மூலையிற் சார்த்தப்பட்டன.

இக்கார்டைட் மருந்திற்கு ஒரு குணம் உண்டு. அக்குணமே தோட்டாவின் வடிவத்தை ஆண்டது. வெப்பம் மிகுந்தால் அது உண்டாக்கும் அழுத்தமும் மிகும். லண்டனிற் சாதுவாயிருந்த தோட்டா, சித்திரை வெயிலிற் காய்ந்த பின் மூர்க்கமாய்விடும். வெடித்த பித்தளைக் குப்பி அறைச்சுவரோடு ஒட்டிக்கொண்டு வெளிவராது போனால், காயம்பட்ட புலி எதிரே நிற்கையில் வேட்டைக்காரன் கதி என்ன? ஆதலால் ஆங்கிலேயக் கம்மியர்கள் குப்பியை மிகப் பெரிதாக்கி, மருந்திற்கு இடம் தாராளமாய் விட்டு, அழுத்தத்தைத் தாழ்த்திவைத்தனர். நீலகிரியிலுள்ள அருவங்காட்டில் 1903ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தொழிற்சாலை இதே கார்டைட்டைச் செய்வதற்கென்றே எழுந்தது என்பதும், மலைக்குளிர் அத்தொழிலுக்கு அனுகூலமே என்பதும் நம் நாட்டார் அறிந்து மகிழத்தக்கன.

இனி, நடுத்தரத் தோட்டாக்களில் தலைமை வாய்ந்த இரண்டைக் காண்போம். 1905ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்துத் துப்பாக்கிக் கம்மியர் ஆட்டோ போக் என்பவர் 9.3×62 என்னும் தோட்டாவை இயற்றினார். ஆப்பிரிக்காவில் ஜெர்மானியக் குடியேற்றங்களிற் பயிர் செய்வோர்க்கு விலையுயர்ந்த இரட்டைக்குழல் ரைபிள் எட்டாக்கனி. சாதாரண மௌசர் துப்பாக்கியின் உறுப்புக்களிலேயே பொருந்தி, எருமையையும் சிங்கத்தையும் வீழ்த்தும் தோட்டா ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. போக் அதனைக் கொடுத்தார். 286 கிரெயின் ரவை, குறுக்களவு 0.366 அங்குலம்.

ஏழாண்டுகளுக்குப் பின், 1912இல், லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனியார் 375 மாக்னம் தோட்டாவை வெளியிட்டார்கள். 300 கிரெயின் ரவை, வினாடிக்கு ஏறக்குறைய 2500 அடி வேகம். குப்பியின் அடியில் ஓர் ஒட்டியாணம் போன்ற வளையம். உடலோ அடியிலிருந்து நுனிவரை சரிந்து செல்லும் வடிவம். அச்சரிவு கார்டைட் இழைகளுக்கு ஏற்றது. வெயிற் காலத்திலும் குப்பி வழுக்கி வெளிவருவதற்கும் ஏற்றது. குறை யாதெனின், தோட்டா முழுநீளம் 3.6 அங்குலம் இருப்பதால், சாதாரண மௌசர் உறுப்பு அதற்குப் போதாது. நீண்ட விசேஷ உறுப்பு வேண்டும். நீண்ட உறுப்பென்றால் விலையும் நீளும்!

இவ்விரண்டையும் ஒப்பிடுமிடத்து ஒரு கணக்கு நமக்கு உதவும். ரவையின் நிறையை அதன் குறுக்களவின் வர்க்கத்தால் வகுத்து வருவது, அது சதையிலும் எலும்பிலும் ஊடுருவும் ஆற்றலுக்கு ஒருவகை அளவுகோல். ராத்தலும் அங்குலமுமாக வைத்துக் கணித்தால் 375இன் 300 கிரெயின் ரவைக்கு 0.305 கிடைக்கின்றது, 9.3இன் 286 கிரெயின் ரவைக்கும் அதே 0.305 தான். லண்டன் கனவானும் ஆப்பிரிக்கக் குடியானவனும் ஒரே தரத்து ரவையைத்தான் சுமந்தார்கள். வேகத்தில் மாத்திரம் கனவானுக்குச் சிறிது மேன்மை.

குழலின் நீளத்தைப் பற்றிய வாதம் இங்கேதான் தொடங்குகின்றது. திறந்த வெளியில் நீண்ட குழல் அழகு. முட்புதரிலும், மூங்கிற் காட்டிலும், மரத்தின்மேற் கட்டிய மச்சானிலும் அது ஓர் இடைஞ்சல். குழலின் நுனி ஒரு கொடியிற் சிக்கினால் அரைவினாடி போய்விடும். அரைவினாடியிற் புலி பல கெஜம் கடக்கும். இரட்டைக்குழல் ரைபிளுக்கு ஒரு நன்மை அந்நாளில் இருந்தது. அடைப்பூசித் துப்பாக்கிக்குக் குழலின் பின்னால் தோட்டா ஓடிவரும் உறுப்பு நான்கங்குலம் போல நீளுமாதலின், 26 அங்குல இரட்டைக்குழலும் 22 அங்குல ஒற்றைக்குழலும் முழுநீளத்தில் ஏறக்குறைய ஒன்றே. ஏழைக்கு இரட்டைக்குழல் ஏது? அவன் ஒற்றைக்குழலையே குறைக்க வேண்டும்.

குறைத்தால் நஷ்டம் எவ்வளவு? அங்குலம் ஒன்றிற்கு வினாடிக்கு 20 முதல் 30 அடி வரை வேகம் குன்றும் என்பது பொதுவாய்க் கொள்ளும் கணக்கு. 375 ரைபிளின் குழலை 24இலிருந்து 20 அங்குலமாக்கி, அங்குலத்திற்கு 25 அடி இழந்ததாக வைத்துக்கொள்வோம். வேகம் 2500இலிருந்து 2400 ஆகும். சக்தி 4160 அடி-ராத்தலிலிருந்து 3840 அடி-ராத்தலாகும். நூற்றுக்கு எட்டுப் பங்கு நஷ்டம். நூறு கெஜ தூரத்தில் ரவை தாழ்வதில் வரும் வேற்றுமை அரை அங்குலமும் இல்லை. புதர்க்காட்டில் நூறு கெஜத்திற்கு அப்பால் எவன் சுடப்போகின்றான்?

நடுத்தரத் துவாரத்திற்கு இதில் இயற்கையான அனுகூலமும் ஒன்று உண்டு. ஒரே மருந்தை ஒடுங்கிய குழலில் எரித்தால் வாயு விரிவதற்கு நெடுந்தூரம் வேண்டும். அகன்ற குழலில் அருகிலேயே இடம் கிடைத்துவிடும். 0.308 அங்குலக் குழலையும் 0.358 அங்குலக் குழலையும் எடுத்துக்கொண்டால், நீளம் ஓரங்குலத்திற்கு உள்ளிடம் பின்னதில் நூற்றுக்கு 35 பங்கு அதிகம். அகலக்குழல் தன் வேலையைச் சில அங்குலங்களிலேயே முடித்துக்கொள்கின்றது; ஆகவே அதை வெட்டினால் இழப்பும் குறைவு. மாறாக, சிறு துவாரமும் பெருங்குப்பியும் உடைய தோட்டாவைக் குட்டைக்குழலில் இட்டால், எரியாத மருந்து குழல் வாயில் தீப்பிழம்பாய்ச் சிதறும், செவி அடைக்கும். மாலைமங்கலிற் கண்ணும் கூசும். அவ்வேளையில்தானே புலி வெளிப்படுவது?

இவ்வுண்மையை ஆஸ்திரியர்கள் அனுபவத்தால் முன்பே அறிந்திருந்தனர். 1903ஆம் ஆண்டில் வெளிவந்த மன்லிகர்-ஷோனவர் குறுந்துப்பாக்கி, பதினெட்டங்குலக் குழலும் அதன் நுனிவரை நீண்ட மரக்கட்டையும் உடையது. அதன் முதல் தோட்டா 6.5 மில்லிமீட்டர்ச் சிறு துவாரமே. 1905இல் 9 மில்லிமீட்டரும், 1910இல் 9.5 மில்லிமீட்டரும் அதற்கு வந்தன. இவை இரண்டும் மிதமான குப்பியும் அகன்ற துவாரமும் உடையனவாதலின் குட்டைக்குழலுக்கு இயல்பாகவே பொருந்தின. இவற்றின் புகழ் ஏனோ பின்னாளில் மங்கிப்போயிற்று.

நம் நாட்டுக் காடுகளில் நடந்ததையும் மறத்தலாகாது. 1910இற் பிறந்து 1974இல் மறைந்த பெங்களூர் கென்னத் ஆண்டர்சன், அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஜவளகிரி முதலிய காடுகளில் ஆட்கொல்லி மிருகங்களைத் தேடி அலைந்தபோது கையிற் கொண்டது 405 வின்செஸ்டர் ரைபிள். அத்தோட்டா 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பிறந்தது; 300 கிரெயின் ரவை, 2200 அடி வேகம். மேற்சொன்ன கணக்கின்படி அதன் ஊடுருவும் எண் 0.254 மாத்திரமே. யானையின் மண்டையோட்டிற்கு அது போதாது என்பர். புலிக்கும் சிறுத்தைக்கும் போதியதாயிருந்தது.

போதாத ஆயுதத்தின் விளைவு சுட்டவனோடு முடிவதில்லை. 1907ஆம் ஆண்டில் ஜிம் கார்பெட் கொன்ற சம்பாவத்துப் பெண்புலி 436 மக்களை மாய்த்ததாகக் கணக்கு. அதன் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயம். இயற்கையான இரையைப் பிடிக்க வகையற்றே அது மனிதரை நாடியது என்று கார்பெட் முடிவுகட்டினார். எவனோ ஒருவன் குறிதவறிச் சுட்டுவிட்டு வீடு திரும்பினான். அவன் பெயரும் தெரியாது, துப்பாக்கியும் தெரியாது. விறகு பொறுக்கவும் புல்லறுக்கவும் சென்ற பெண்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். தோட்டாவின் எடை, வேகம் என்று நாம் கணக்குப் போடுவது வீண்பொழுது போக்கென்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

எதிர்வாதமும் உண்டு. ஆப்பிரிக்காவில் ஆயிரத்திற்கு மேற்பட்ட யானைகளை வீழ்த்திய பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், அவற்றிற் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீட்டர்ச் சிறு ரவையாலேயே கொன்றார். யானைத் தலையை வாளால் அறுத்து மூளையின் இருப்பிடத்தைக் கற்றவர் அவர். அந்தக் கல்வியும் அந்தக் கையும் இல்லாதவர்கள் அவரைப் பின்பற்றப் போய் மடிந்தார்கள். பெல் ஒரு விதிவிலக்கு. விதிவிலக்கை விதியாக்குவது அறிவுடைமையன்று.

இரண்டாம் உலகயுத்தத்திற்குப் பின் இம்முயற்சியின் அரங்கம் அமெரிக்காவிற்கு மாறியது. 1955இல் வந்த 358 வின்செஸ்டர் அடக்கமான தோட்டா. குட்டைக்குழலுக்கு மிகப் பொருத்தம். ஆனால் ஜனங்கள் அதைக் கவனிக்கவில்லை. 1965இல் ரெமிங்டன் கம்பெனியார் துணிந்து, 375 மாக்னம் குப்பியையே வெட்டிக் குறுக்கி 350 என்னும் தோட்டாவாக்கி, பதினெட்டரை அங்குலக் குழலுடைய 600ஆம் மாதிரித் துப்பாக்கியில் இட்டார்கள். துப்பாக்கியின் நிறை ஏறக்குறைய ஆறரை ராத்தல். கருத்து நல்லதே. ஆனால் இலேசான துப்பாக்கி தோளை உதைத்தது; ஓசை செவியைத் துளைத்தது; தோட்டாப்பெட்டி குறுகியதாதலின் நீண்ட ரவையைக் குப்பிக்குள் ஆழமாய்ச் செருக வேண்டி, மருந்திற்குரிய இடம் பறிபோயிற்று. 1968இல் அம்மாதிரி நின்றுவிட்டது.

பழைய குறிக்கோள் நிறைவேறியது 2007இல் எனலாம். ரூகர், ஹார்னடி என்னும் இரு கம்பெனிகள் கூடி 375 ரூகர் தோட்டாவை வெளியிட்டன. ஒட்டியாண வளையத்தின் பருமனையே குப்பியின் உடலுக்குக் கொடுத்து, வளையத்தை நீக்கி, நீளத்தைக் குறைத்ததே அதன் சூட்சுமம். சாதாரண உறுப்பில் அது பொருந்துகின்றது. அலாஸ்காவின் கரடிக்காடுகளை முன்னிட்டுச் செய்த இருபதங்குலக் குழலிலிருந்தும், ஹாலண்டின் 375 நீண்ட குழலிற் பெற்ற வேகத்தை ஏறக்குறைய எட்டுகின்றது. கார்டைட்டை மறந்து புதுமருந்துகளை நம்பியதன் பயன் இது. அழுத்தம் மிகுதி; உதைப்பும் குறைவன்று.

எமக்கோ, இவையனைத்தையும் சீர்தூக்குமிடத்து, பெர்லின் கம்மியர் 1905இற் செய்ததே மேலாகத் தோன்றுகின்றது. மிதமான மருந்து, அகன்ற துவாரம், கனத்த ரவை, மலிந்த உறுப்பு, தாங்கத்தக்க உதைப்பு. இருபது, இருபத்திரண்டு அங்குலக் குழலில் அது இழப்பதும் சொற்பமே. ஆப்பிரிக்காவில் ஜெர்மானியக் குடியேற்றங்கள் மறைந்து நூறாண்டிற்கு மேலாகியும், அந்தப் பித்தளைக் குப்பி இன்றும் ஐரோப்பிய ஆலைகளில் வார்க்கப்பட்டு வருகின்றது.