சுவருக்குப் புதுத் தோல்

பழைய கட்டடங்களின் கூரையில் கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் சிமெண்டுக் கலவையைப் பூசி வெள்ளையடித்து விடுகிறார்கள். சில மழைக்காலங்கள் சென்றதும் அதே இடம் மீண்டும் பெயர்கிறது. ஏன்? விடை தேட அமெரிக்காவின் சிகாகோ நகருக்குச் செல்வோம்.

1893-ஆம் ஆண்டில் அங்கே மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதன் மாளிகைகளில் பெரும்பாலானவை பாரிஸ் சாந்துடன் நார் கலந்து பூசப்பட்ட தற்காலிகக் கட்டடங்களே. நுண்கலை மாளிகையோ, உள்ளிருந்த ஓவியங்களைத் தீயிலிருந்து காக்கச் செங்கல்லால் கட்டப்பட்டிருந்தது. ஆகவே அது நிலைத்து நின்று, பின்னர் ஃபீல்டு அருங்காட்சியகத்தின் இல்லமாயிற்று. ஆனால் அதன் மேற்பூச்சு சில ஆண்டுகளிலேயே உதிரத் தொடங்கியது.

அந்த அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்யும் பணியில் இருந்தவர் கார்ல் ஏக்லி. அந்நாளில் விலங்கின் தோலுக்குள் வைக்கோலைத் திணிப்பது வழக்கம். ஏக்லி அவ்வாறு செய்யவில்லை. உடலின் வடிவத்தை முதலில் களிமண்ணில் துல்லியமாக உருவாக்கி, அதற்கேற்ற உள்ளுரு ஒன்றைச் செய்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார். உள்ளே இருப்பது சரியாக இருந்தால்தான் தோல் சரியாக அமையும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

உதிர்ந்த சுவரைச் செப்பனிட, 1907-ஆம் ஆண்டு வாக்கில் ஏக்லி ஒரு கருவியை அமைத்தார். உலர்ந்த கலவையை அழுத்தப்பட்ட காற்று குழாய் வழியே தள்ளும். குழாயின் முனையில் தண்ணீர் சேரும். கலவை வேகமாகச் சுவரில் மோதி இறுகப் பற்றிக்கொள்ளும். இதற்கு 1911-இல் காப்புரிமை கிடைத்தது. சிமெண்டும் மணலும் கொண்டு இவ்வாறு பூசப்படும் பூச்சு 'கனைட்' எனப் பெயர் பெற்றது.

இனி, சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கிற்கு வாருங்கள். கட்டடக் கலைஞர் பிராங்க் லாய்டு ரைட் அமைத்த யூனிட்டி ஆலயம் 1908-இல் அங்கே கட்டி முடிக்கப்பட்டது. அதன் கான்கிரீட் சுவரில் கூழாங்கற்கள் வெளியே தெரியுமாறு விடப்பட்டன. அதுவே அதன் அழகு. ஆனால் நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது அல்லவா? சுவருக்குள் புகுந்த நீர் குளிர்காலந்தோறும் உறைந்து சுவரைப் பிளந்தது. 1970-களின் தொடக்கத்தில், கலவையைப் பீய்ச்சும் முறையில் சுவருக்குப் புதுப் பூச்சு தரப்பட்டது. எனினும் நீர்க்கசிவு நிற்கவில்லை. 2008-இல் கனமழைக்குப் பின் உட்கூரைப் பூச்சின் ஒரு பகுதி விழுந்தது. 2015 முதல் 2017 வரை நடந்த பெரும் பணியில், சுவர்களோடு கூரைகளும் செப்பனிடப்பட்டன. 2019-இல் அந்த ஆலயம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நம் கட்டடங்களில் உறைபனி இல்லை. இங்கே வேறொரு எதிரி உண்டு. புதிய கான்கிரீட் மிகுந்த காரத்தன்மை உடையது. அந்தக் காரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல உட்புகுந்து காரத்தைக் குறைக்கிறது. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை வெளியே தள்ளுகிறது.

பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் பயன்படுத்தும் பினாப்தலீன் இதைக் காட்டிக்கொடுக்கும். புதிதாக உடைத்த கான்கிரீட்டில் அதைத் தெளித்தால், காரம் நிறைந்த பகுதி இளஞ்சிவப்பாகும். காரம் இழந்த பகுதி நிறம் மாறாது.

ஆகவே, முதலில் நீர் வரும் வழியை அடைக்க வேண்டும். தட்டினால் வெற்றொலி தரும் பகுதிகளை நீக்க வேண்டும். கம்பியின் துருவைச் சுரண்டித் தூய்மையாக்க வேண்டும். அதன் பிறகே பூச்சும், வண்ணமும், கூழாங்கல் அழகும். விலங்குகளைப் பாடம் செய்த ஏக்லி கடைப்பிடித்ததும் இதே வரிசைதான்: முதலில் உள்ளுரு, பிறகே தோல்.