நோவும் மருந்தின் அளவும்



முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளையும் நோய், பெரும்பாலும் பிள்ளைகள் விரைந்து வளரும் கட்டிளமைப் பருவத்தில் வெளிப்படுவது. வளைவு மிகுந்தவிடத்துச் சத்திர சிகிச்சை வேண்டப்படும். அச்சிகிச்சையின் வரலாற்றை உரைப்போர் கோணலை நிமிர்த்திய கதையையே விரித்துரைப்பர். நிமிர்த்தப்பட்ட பிள்ளையின் நோவை எவ்வாறு தணித்தனர் என்பதோ வேறொரு வரலாறு. அதனை ஈண்டு நோக்குவோம்.

1911ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரில் றசல் ஹிப்ஸ் என்னும் வைத்தியர், முள்ளந்தண்டென்புகளை ஒன்றோடொன்று இணைந்து வளரச் செய்யும் முறையைக் கையாண்டார். பின்னர், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த சிறுவரைக் கண்ட ஹூஸ்டன் நகரத்துப் போல் ஹரிங்டன், உருக்குக் கோலும் கொளுக்கியும் கொண்டு வளைவை நிமிர்த்தும் முறையை வகுத்து, 1962இல் அதனை விரிவாக வெளியிட்டார். முதுகின் தசைகளை விலக்கி என்பிலே செய்யப்படும் இச்சிகிச்சையின் பின் எழும் நோவு மிகக் கடியது.

அதற்கு மருந்தாய் நின்றது அபினிலிருந்து பெறப்படும் மோர்பீன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைப் பிரித்தெடுத்த ஜேர்மானியர் சேர்ட்யூர்னர், கிரேக்கரின் கனவுத் தெய்வமாகிய மோர்பியசின் பெயரால் அதனை அழைத்தார். அம்மருந்து குமட்டலையும் மலச்சிக்கலையும் தரும். அளவு மிஞ்சின் மூச்சை ஒடுக்கும். பழகின் அடிமையாக்கவும் கூடும்.

இவ்வச்சத்தோடு, சிறுவர் நோவை அத்துணை உணரார் என்ற தவறான எண்ணமுஞ் சேர, முதற் பிழை விளைந்தது. 1977இல் அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர் ஈலண்டும் அன்டர்சனும் வெளியிட்ட ஆய்வில், சத்திர சிகிச்சை பெற்ற 25 சிறுவருள் 13 பேருக்கு நோவு தணிக்கும் மருந்து ஒருமுறையேனும் கொடுக்கப்படவில்லை.

இரண்டாம் பிழை இதற்கு நேர்மாறானது. 1990களில் நோவைப் புறக்கணித்தலாகாது என்ற நல்லெண்ணமும் மருந்து வணிகரின் ஊக்கமும் கூட, அமெரிக்காவில் அபின் வழி மருந்துகள் வரையறையின்றி வழங்கப்பட்டன. வீடுகளில் எஞ்சிய வில்லைகள் இளைஞர் கைக்கு எட்டின. அடிமைப்பட்டோரும் மாண்டோரும் பலராயினர்.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வழி யாது? நோவு ஒரே கம்பியில் ஓடிவருஞ் செய்தியன்று. முண்ணாணில் அதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு என்று 1965இல் மெல்சாக்கும் வோலும் எடுத்துரைத்தனர். 1993இல் டென்மார்க்கின் கேலெற்றும் டாலும், வெவ்வேறு வழியிற் செயற்படும் மருந்துகளைச் சேர்த்து வழங்குதலின் பயனை ஆராய்ந்தனர். இதன்வழி, பரசிற்றமோல், அழற்சி தணிக்கும் மருந்து, நரம்பின் கிளர்ச்சியை அடக்கும் மருந்து என்பன மோர்பீனின் சுமையைப் பகிர்ந்துகொண்டன. பிள்ளையை விரைவில் எழுந்து நடக்கச் செய்தலும் உடன் சேர்ந்தது. ஃபிலடெல்ஃபியாச் சிறுவர் வைத்தியசாலையார் இவ்வாறு செய்து, 2016இல் தம் அனுபவத்தை வெளியிட்டனர். வைத்தியசாலையிலே தங்கும் காலம் சராசரி 5.7 நாள்களிலிருந்து 4 நாள்களாகக் குறைந்தது, நோவோ மிகவில்லை.

நேயர்களே, மோர்பீன் இன்றும் விலக்கப்படவில்லை. கடும் நோவுள்ள முதல் நாள்களுக்கு அது வேண்டியதே. குறைக்கப்பட்டது அதன் அளவும் காலமுமே. நோவுக்கு அளவுகோல் பிள்ளையின் வாய்ச்சொல்லே. ஆதலின், நேரப்போவதை முன்னரே அப்பிள்ளைக்கு விளங்கவைத்தலும், நோகிறது என்னுஞ் சொல்லை நம்புதலும், எஞ்சிய வில்லைகளை வீட்டில் வையாது ஒப்படைத்தலும் பெற்றோர்க்கும் உரிய கடமைகளாம்.