காருகுறிச்சியாரும் அவரை விடாத ரசிகர்களும்

ஒரு கலைஞர் இறந்து அறுபது ஆண்டுகள் ஆன பிறகும் அவருக்கு ரசிகர்கள் இருப்பார்களா? சினிமா நடிகராக இருந்தால் இருக்கலாம். அரசியல் தலைவர் என்றால் கட்சியாவது படத்துக்கு மாலை போடும். ஆனால் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நாதஸ்வரம் வாசித்த ஒருவருக்கு? இருக்கிறார்கள். நெல்லைச் சீமையில் காருகுறிச்சி அருணாசலம் என்ற பெயரைச் சொன்னால், கர்நாடக சங்கீதம் தெரியாதவர்கள் கூட முகம் மலர்வதைப் பார்க்கலாம்!

முக்கூடல் தாமிரபரணியின் வடகரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டித் தென்கரைக்குப் போனால் சேரன்மகாதேவி. திருநெல்வேலி - தென்காசி ரயில் பாதையில் சேரன்மகாதேவிக்கு அடுத்த நிலையம் காருகுறிச்சி. வயலும் வாழையும் சூழ்ந்த ஊர், மண்பாண்டத்துக்குப் பெயர் போன ஊர். ஆனால் தமிழ்நாடு முழுக்க இந்த ஊரின் பெயர் தெரிந்தது பானையால் அல்ல, ஒரு மனிதரின் மூச்சுக்காற்றால்.

யார் இந்த அருணாசலம்?

1921ஆம் ஆண்டு பிறந்தவர். சுத்தமல்லி சுப்பையா கம்பரிடம் நாதஸ்வரமும், களக்காடு சுப்பையா பாகவதரிடம் வாய்ப்பாட்டும் கற்றார். வாய்ப்பாட்டு கற்றதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவருடைய வாசிப்பைக் கேட்பவர்கள் எல்லோரும் சொல்லும் ஒரே வார்த்தை 'குழைவு'. நாதஸ்வரம் அடிப்படையில் சத்தமான வாத்தியம். நாலு வீதிக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே உருவானது. அதை ஒருவர் பாடுவது போல வாசிக்க வேண்டுமென்றால், வாசிப்பவருக்கு உள்ளே பாடத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறகு அவர் போய்ச் சேர்ந்த இடம் திருவாவடுதுறை டி.என்.இராஜரத்தினம் பிள்ளையிடம். நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று அழைக்கப்பட்டவர் அவர். இராஜரத்தினம் நெல்லைப் பக்கம் வந்திருந்தபோது இந்த இளைஞரின் வாசிப்பைக் கேட்டு, தன்னோடு அழைத்துக்கொண்டார் என்பது ரசிகர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அதன் பிறகு குருவுக்குப் பக்கத்திலேயே இருந்து வாசிக்கும் வாய்ப்பு அருணாசலத்துக்குக் கிடைத்தது. தஞ்சைப் பாணி நாதஸ்வரம் தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இராஜரத்தினம் அருணாசலத்துக்குக் கொடுத்தது ராகங்கள் மட்டும் அல்ல. அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரர்கள் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றுகொண்டேதான் வாசிக்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. பாடகர்களைப் போல மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் இராஜரத்தினம். திமிரி நாதஸ்வரத்துக்குப் பதிலாக நீளமான பாரி நாதஸ்வரத்தைப் பரவலாக்கியவரும் அவர்தான். நாதம் கனமாகவும் ஆழமாகவும் ஆனது. 1956 டிசம்பர் 12ல் அவர் மறைந்தபோது, அந்த இசைக்கும் அந்த மரியாதைக்கும் வாரிசாக ரசிகர்கள் பார்த்தது காருகுறிச்சியாரைத்தான்.

அவருக்குத் தனியாகக் கிடைத்தது எட்டு ஆண்டுகள் கூட இல்லை. 1964 ஏப்ரலில் அவரும் மறைந்துவிட்டார்.

ஒரு பாட்டு செய்த வேலை

அந்த எட்டு ஆண்டுகளுக்குள் ஒரு சினிமாப் பாட்டு வந்தது. 1962ல் வெளியான 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகி பாடிய 'சிங்கார வேலனே தேவா'. இசை எஸ்.எம்.சுப்பையா நாயுடு, பாடலை எழுதியவர் கு.மா.பாலசுப்பிரமணியம், ராகம் ஆபேரி. திரையில் நாதஸ்வரம் வாசிப்பவர் ஜெமினி கணேசன், கேட்பது காருகுறிச்சியாரின் நாதஸ்வரம். பாட்டின் பிற்பகுதியில் ஜானகியின் குரலும் நாதஸ்வரமும் ஸ்வரங்களில் மாறி மாறி ஓடும். எது குரல், எது குழல் என்று ஒரு நொடி தடுமாற வைக்கும் இடம் அது.

இந்தப் பாட்டு அவரைக் கச்சேரி கேட்காதவர்கள் வீட்டுக்குள்ளும் கொண்டுபோய் விட்டது. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில், கோயில் கொடையில், டீக்கடை ரேடியோவில், பீடி சுற்றும் வீடுகளின் திண்ணையில் எல்லாம் அது ஒலித்தது. 1968ல் 'தில்லானா மோகனாம்பாள்' வந்து, மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம் ஊரெல்லாம் கேட்டது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, சினிமா ரசிகனின் காதில் நாதஸ்வரத்துக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போனவர் காருகுறிச்சியார்.

ஆனால் அந்தப் பாட்டில் ஒரு சங்கடமும் இருக்கிறது. மணிக்கணக்காக ராகம் வாசித்த ஒருவரை இன்று பலர் சில நிமிடப் பாட்டால் மட்டும் அறிகிறார்கள். அவருடைய தோடியையும் கல்யாணியையும் கரஹரப்பிரியாவையும் கேட்டவர்களுக்கு 'சிங்கார வேலனே' வெறும் வாசல்படி. வாசலோடு திரும்பிப் போனவர்கள்தான் அதிகம்!

பட்டம் தராதவர்களும் காதைத் தந்தவர்களும்

சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டம் கர்நாடக இசை உலகில் பெரிய கௌரவமாகக் கருதப்படுகிறது. அந்தப் பட்டம் இராஜரத்தினத்துக்கும் வரவில்லை, அருணாசலத்துக்கும் வரவில்லை. 1956ல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்குக் கிடைத்தது, 1998ல் ஷேக் சின்ன மௌலானாவுக்குக் கிடைத்தது. நாதஸ்வரக்காரர்கள் என்று எண்ணினால் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அப்படியானால் காருகுறிச்சியாரின் பெயரை இத்தனை ஆண்டுகள் தூக்கிப் பிடித்தது யார்? ரசிகர்கள்தான்.

அவர் வாழ்ந்த ஊர் கோவில்பட்டி. 1986ல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான். பக்கத்தில் இடைசெவல் என்ற சிற்றூர். அந்த ஒரே ஊரில் பிறந்த இரண்டு பெரிய எழுத்தாளர்கள் கு.அழகிரிசாமியும் கி.ராஜநாராயணனும். இருவருமே சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள், இருவருமே சங்கீதப் பைத்தியங்கள். கி.ரா.வுக்குக் காருகுறிச்சியார் நண்பரும் கூட. விளாத்திகுளம் சுவாமிகள் என்ற இசை மேதையைச் சுற்றி இருந்த வட்டத்தில் இவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கரிசல் காட்டில் மழை குறைவு, ஆனால் ராகத்துக்குப் பஞ்சம் இல்லை. கி.ரா. 2021ல் மறையும் வரை காருகுறிச்சியாரைப் பற்றிப் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். நண்பர் போய் 57 ஆண்டுகள் கழித்தும்!

எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். எழுதாதவர்கள் வேறு ஒன்றைச் செய்தார்கள். டேப் ரெக்கார்டர் வசதி இருந்த சிலர் கோயில் கச்சேரியையும் கல்யாணக் கச்சேரியையும் ஸ்பூல் டேப்பில் பதிந்து வைத்தார்கள். அது கேசட்டுக்கு மாறியது. கேசட்டிலிருந்து இன்னொரு கேசட், அதிலிருந்து இன்னொன்று. பிறகு குறுந்தகடு, பிறகு இணையம். இன்று கேட்கக் கிடைக்கும் பதிவுகளில் பின்னணியில் கூட்டத்தின் சத்தம் கேட்கும், இரைச்சல் இருக்கும், சில இடங்களில் ராகம் பாதியில் அறுந்துபோகும். ஸ்டூடியோவில் எடுத்தவை அல்ல என்பதற்கு அதுவே சாட்சி. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி போன்ற மேதைகளின் தவிலோடு சேர்ந்து அவருடைய வாசிப்பு கடல் தாண்டியும் ரசிகர்களைச் சேர்த்தது. இந்த ஒலிநாடாக்களும் அப்படித்தான் ஊர் ஊராகப் பயணம் செய்தன.

2021ல் அவருடைய நூற்றாண்டு வந்தது. இசை எழுத்தாளர் லலிதாராம் தேடி அலைந்து அவருடைய வாழ்க்கையை நூலாக எழுதினார். அவரும் அடிப்படையில் ஒரு ரசிகர்தான். காருகுறிச்சியார் மறைந்தபோது பிறந்தே இராதவர்கள் அந்த நூற்றாண்டைக் கொண்டாடினார்கள்.

வாஷிங்டனில் நடந்த ஒரு கதை

இப்படி நடப்பது நம் ஊரில் மட்டும் அல்ல. இசையில் இதற்கு நேர் எதிர்த் துருவத்தில் இருக்கும் ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். 1980ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த சில இளைஞர்கள் 'மைனர் திரெட்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஹார்ட்கோர் பங்க் என்று சொல்லப்படும் இசை. மின்னல் வேகம், முரட்டுச் சத்தம், ஒன்றிரண்டு நிமிடத்தில் பாட்டு முடிந்துவிடும். 1983ல் குழுவே கலைந்துவிட்டது. அவர்கள் வெளியிட்ட பாட்டுகள் மொத்தமும் ஒரே குறுந்தகட்டில் அடங்கிவிடும், ஒரு மணி நேரம் கூட வராது. ஆனாலும் நாற்பது ஆண்டுகள் கழித்து அதைக் கேட்டு கிதார் எடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள்.

ராகத்துக்கும் அந்த இரைச்சலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒற்றுமை ரசிகர்களிடம்தான் இருக்கிறது. எவ்வளவு காலம் வாசித்தார்கள், எவ்வளவு விற்றது என்ற கணக்கை ரசிகன் பார்ப்பதில்லை.

ஒரு வித்தியாசமும் உண்டு. அந்த இளைஞர்கள் 'டிஸ்கார்ட்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார்கள். தங்கள் பாட்டைத் தாங்களே பாதுகாத்துக்கொண்டார்கள். நம் நாதஸ்வரக்காரருக்கு அப்படி ஒன்றும் இல்லை. கச்சேரிக்குச் சம்பாவனை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டி ஏறுவார். வாசித்தது காற்றோடு போய்விடும். அதைப் பிடித்து வைத்தது அவர் அல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவர்.

நற்பெயர் யாருக்குச் சேரும்?

கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனால் அதற்கு மதிப்பு உண்டு. ஒரு கடை கைமாறும்போது, பழைய முதலாளி சம்பாதித்த பெயருக்கும் சேர்த்துத்தான் புதியவர் விலை கொடுக்கிறார். வாடிக்கையாளர்கள் தொடர்ந்து அதே கடைக்கு வருவார்கள் என்ற நம்பிக்கைதான் அந்த விலை.

காருகுறிச்சியார் சேர்த்துவைத்த நற்பெயர் மிகப் பெரியது. ஆனால் அது யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது? இதுதான் ரசிகர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி.

திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே நாதஸ்வரமும் தவிலும் மூன்று ஆண்டுப் படிப்பாகச் சொல்லித் தரப்படுகின்றன. கற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் படித்து முடித்து வந்தால் வாசிக்க இடம் வேண்டுமே! கல்யாணங்களில் முகூர்த்த நேரத்துக்கு மட்டும் மேளம், மற்ற நேரத்துக்கு மெல்லிசை. சில மண்டபங்களில் கெட்டிமேளமே பென்டிரைவில் இருந்து வருகிறது. கோயில் திருவிழாக்களில் கேரளத்துச் செண்டை மேளம் வந்துவிட்டது. அம்மன் கொடைகளில் நையாண்டி மேளக்காரர்கள் இன்னும் நாதஸ்வரத்தைக் கையில் வைத்திருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் 'சிங்கார வேலனே வாசிப்பா' என்று கேட்பார். அவர் நோட்டு குத்திவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் அதே கலைஞர் நாற்பது நிமிடம் ஒரு ராகத்தை விரித்து வாசித்தால் உட்கார்ந்து கேட்க எத்தனை பேர்?

வாத்தியத்தைச் செய்பவரின் நிலைமையும் இதே கயிற்றில்தான் தொங்குகிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரத்தில் கடைந்து செய்யும் அந்த வாத்தியத்தைச் செய்ய ஆள் வேண்டும், சீவாளி கட்ட ஆள் வேண்டும். வாசிப்பவருக்கு வேலை இருந்தால்தான் செய்பவருக்கு வேலை. கேட்பவர் இருந்தால்தான் வாசிப்பவருக்கு வேலை. சங்கிலியின் கடைசிக் கண்ணி ரசிகன்.

காருகுறிச்சியாருக்குக் கோவில்பட்டியில் சிலை இருக்கிறது. அவர் பெயரில் புத்தகம் இருக்கிறது, பதிவுகள் இருக்கின்றன. இவை எதுவும் தானாக வந்தவை அல்ல, அன்பு கொண்டவர்கள் உழைத்து உண்டாக்கியவை. அதற்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் அவர் வாசித்த காலத்தில் அவருக்குச் சிலை தேவைப்படவில்லை, எதிரே உட்கார்ந்து கேட்கும் காது தேவைப்பட்டது. அது கிடைத்ததால்தான் அவர் காருகுறிச்சியார் ஆனார். இன்று வாசிக்கும் ஒரு இளைஞனுக்கும் தேவைப்படுவது அதே காதுதான்.

ஆகவே அடுத்த முறை ஒரு கோயில் வாசலிலோ கல்யாண மண்டபத்திலோ நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தால், சாப்பாட்டுப் பந்திக்கு ஓடுவதற்கு முன் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். வாசித்து முடித்ததும் அருகே போய் என்ன ராகம் என்று கேளுங்கள். அவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள். காருகுறிச்சியாருக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடச் சிறந்தது வேறு இல்லை.