எரு போட்டால் சாகும் செடி



விடிவதற்கு முன்னாலேயே திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் மூட்டை கொண்டு போகிறவர்களுக்கு ஒரு கவலை எப்போதும் உண்டு. வியாபாரி நாலு காயை உடைத்துப் பார்ப்பார். இரண்டு சொத்தையாக இருந்தால் போதும், விலை இறங்கிப் போகும். செடியைப் பூச்சி தின்கிறது என்பது நமக்குப் பழகிப்போன சங்கதி. பூச்சியைத் தின்கிற செடியும் நம் தமிழ்நாட்டில் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா?

அழுகண்ணி என்பார்கள். (உவர் நிலத்தில் வளரும் வேறொரு செடிக்கும் இந்தப் பெயர் உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சத்தில்லாத, ஈரம் நிற்கிற மணல் தரையிலும் சரளைப் பொட்டலிலும் தரையோடு தரையாக, காசு அகலத்துக்குச் சிவப்பாக ஒட்டிக் கிடக்கும். இலை நிறைய மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு சொட்டு; பார்த்தால் பனித்துளி, தொட்டால் பசை. எறும்போ கொசுவோ உட்கார்ந்தால் அவ்வளவுதான். மயிர்கள் வளைந்து அமுக்கிக்கொள்ளும். இந்தச் சின்ன வகையில் சில விநாடிகளிலேயே வளைந்துவிடும்.

வெளிநாட்டார் இதை நம் பக்கத்து இலங்கையிலிருந்துதான் அறிந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் இருந்த பர்மன், 1737-இல் இலங்கைச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1794-இல் மார்ட்டின் வால் என்ற அறிஞர் இதற்கு பர்மன் பெயரையே வைத்தார். பெயர் வைத்தார்களே தவிர, செடி ஏன் இப்படிச் செய்கிறது என்பது பிறகுதான் விளங்கியது.

விளக்கியவர் சார்லஸ் டார்வின். 1860 கோடையில், இங்கிலாந்தில் ஒரு புதர்க்காட்டு நிலத்தில் இதன் பங்காளிச் செடி ஒன்றைக் கண்டார். 12 செடி பறித்தார். அவற்றில் விரிந்திருந்த 56 இலைகளில் 31-இல் செத்த பூச்சி ஒட்டியிருந்தது. மனுஷர் விடவில்லை. செடிகளை வீட்டிலேயே வைத்து, இலைமேல் ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தார். சர்க்கரைத் தண்ணீர், கஞ்சிப்பசை, ஆலிவ் எண்ணெய், தேயிலைத் தண்ணீர் எதற்கும் இலை அசையவில்லை. பால், முட்டை வெள்ளைக்கரு, இறைச்சிச் சாறு, ஏன், மூத்திரம் விட்டால்கூட மயிர்கள் வளைந்தன! நமக்கு இது உடனே புரியும். தழைச்சத்து இருக்கிற பொருளைத்தான் செடி தேடியிருக்கிறது. 1875-இல் இதையெல்லாம் புத்தகமாக எழுதினார்.

அப்படியும் சிலர், பூச்சி கிடைக்காவிட்டாலும் செடி வாழ்கிறதே, தின்பதால் என்ன லாபம் என்றார்கள். நியாயமான கேள்விதான். டார்வினின் மகன் பிரான்சிஸ், சூப்புத் தட்டுகளில் செடிகளை வளர்த்து, பூச்சி வராமல் வலை போட்டு மூடினார். பாதிச் செடிகளுக்கு மட்டும் வறுத்த இறைச்சித் துணுக்கு வைத்தார். 1878-இல் கணக்கு வெளிவந்தது: தீனி இல்லாத செடிகள் 100 விதை கொடுத்தால், தீனி தின்றவை 241 கொடுத்தன. நாம் உரம் போட்ட பாத்தி, போடாத பாத்தி என்று பிரித்துப் பார்க்கிறோமே, அதே பரீட்சைதான்.

கத்தரித் தோட்டத்தில் நட்டால் புழு ஒழியுமா என்று கேட்பீர்கள். ஒழியாது. இது பிடிப்பது பொடிப் பூச்சிகளை. அதோடு, நம் தோட்ட மண்ணில் இது பிழைக்கவே பிழைக்காது. சத்தில்லாத மண்ணுக்கென்றே அமைந்த வேர். யூரியாவோ தொழுவுரமோ பட்டால் கருகிவிடும். மேட்டு வயலின் உரத்தண்ணீர் வடிந்து இறங்குகிற தரிசில் இது மறைந்து போவதும் அதனால்தான்.

வீட்டில் வளர்க்கலாம், பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கை. நர்சரிகளில் பீட் மாஸ் என்று விற்கிற பாசிமக்கும், நன்றாக அலசிய மணலும் கலந்து சின்னத் தொட்டியில் போடுங்கள். விதை தூசு மாதிரி இருக்கும். மேலே தூவினால் போதும், மூடக்கூடாது. தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள். மழைத்தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கிணற்று உப்புத் தண்ணீர் ஆகாது. காட்டிலிருந்து வேரோடு பிடுங்கி வராதீர்கள், விதை மட்டும் போதும். பூத்துக் காய்த்ததும் செடி பட்டுப்போகும். நோய் என்று பயந்து மருந்து அடிக்காதீர்கள், அதன் ஆயுசே அவ்வளவுதான். காயைத் தாளில் தட்டி விதையை எடுத்து வைத்தால் மறுபடியும் தூவலாம்.