மின் மோட்டார் வண்டியும் பழைய முதலீடும்

மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் வண்டி அண்மைக்காலக் கண்டுபிடிப்பு என்ற எண்ணம் பரவலாக உண்டு. வரலாறு இதனை மறுக்கின்றது. 1900ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் உற்பத்தியான 4,192 மோட்டார் வண்டிகளுள் 1,681 நீராவியாலும் 1,575 மின்சாரத்தாலும் இயங்கின. பெற்றோல் வண்டிகள் 936 மட்டுமே. ஆயினும், நகரங்களுக்கு அப்பால் மின்னேற்றும் வசதி அரிதாயிருந்தது. 1912இல் கடிலாக் வண்டியிற் பொருத்தப்பட்ட மின்தொடக்கி, இயந்திரத்தைக் கையாற் சுழற்றி முடுக்கும் தொல்லையை நீக்கியது. 1913இல் ஹென்றி போர்ட், வண்டியை நகர்த்திக்கொண்டே பாகங்களைப் பொருத்தும் முறையைப் புகுத்தியதால் பெற்றோல் வண்டியின் விலை பெரிதும் வீழ்ந்தது. மின்வண்டி படிப்படியாகச் சந்தையை இழந்தது.

குதிரை வண்டி மறைந்து மோட்டார் வண்டி தோன்றிய இக்காலத்திற் பழைய உற்பத்தியாளர் யாவரும் அழிந்துவிடவில்லை. இந்தியானா மாநிலத்தின் சவுத் பென்ட் நகரில் 1852இல் தோன்றி, குதிரை வண்டிகளைச் செய்துவந்த ஸ்ரூடிபேக்கர் நிறுவனம், 1902இல் மின்வண்டிகளையும் 1904இல் பெற்றோல் வண்டிகளையும் செய்யத் தொடங்கியது. 1908இல் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியை நிறுவிய வில்லியம் டுராண்டும் குதிரை வண்டித் தொழிலிற் செல்வம் ஈட்டியவரே. பழைய தொழிலில் திரண்ட மூலதனத்தைப் புதிய தொழிலுக்குத் திருப்பத் துணிந்தமையே இவர்களை வாழவைத்தது எனலாம்.

அத்துணிவு பிற்காலத்தில் நிலைக்கவில்லை. புகை வெளிவிடாத வண்டிகளையும் விற்கவேண்டுமெனக் கலிபோர்னியா மாநிலம் 1990இற் பெருங் கம்பனிகளைப் பணித்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் 1996இல் 'ஈ.வி. 1' என்னும் மின்வண்டியைக் குத்தகைக்கு வழங்கியது. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வண்டிகளோடு உற்பத்தி நின்றது. அவற்றை மீளப்பெற்ற கம்பனி பெரும்பாலானவற்றை நொறுக்கியது. இலாபமின்மை காரணமாகக் கூறப்பட்டது. தொழில்நுட்ப அறிவு இருந்தும், பெற்றோல் இயந்திரத்தில் முடங்கிய முதலீடு தடையாக நின்றதென்றே இதனைக் கொள்ளவேண்டும்.

விடப்பட்ட இடத்தைப் புதியவர் நிரப்பினர். 2003இற் தோன்றிய டெஸ்லா, ஜெனரல் மோட்டோர்ஸும் ரொயோற்றாவும் கூட்டாக நடத்தி மூடிய பிறீமொன்ட் தொழிற்சாலையை 2010இல் விலைக்கு வாங்கியது. 1995இல் மின்கல உற்பத்தியாளராகத் தோன்றிய சீனாவின் பி.வை.டி. நிறுவனம் 2003இல் மோட்டார் வண்டித் தொழிலிற் புகுந்தது. மின்வண்டியின் விலையுயர்ந்த உறுப்பு மின்கலமாகும். அதனைத் தானே உற்பத்தி செய்வதும் சீன அரசின் ஆதரவும் அதன் வளர்ச்சிக்குத் துணைநின்றன. முற்றாக மின்சாரத்தால் இயங்கும் வண்டிகளின் விற்பனையில் அது 2025இல் டெஸ்லாவை விஞ்சியது. புதியவரின் முதன்மையும் நிலையானதன்று என்பதற்கு இது சான்றாகும்.

எந்தக் கம்பனி வெல்லும் என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடக் கூடாது. ஒரு மாற்றத்தை வென்று நின்ற ஸ்ரூடிபேக்கர், பிற்காலப் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாது 1963 டிசெம்பரிற் சவுத் பென்ட் தொழிற்சாலையை மூடியது. ஏறத்தாழ 4,000 தொழிலாளர் தமக்குரிய ஓய்வூதியப் பெறுமதியில் 15 வீதத்தை மட்டுமே பெற்றனர். இத்தகைய இழப்புகளின் எதிரொலியாகவே ஓய்வூதியப் பாதுகாப்புக்கான சமஷ்டிச் சட்டம் 1974இற் பிறந்தது. 2024 டிசெம்பரில் ஜேர்மனியின் வொக்ஸ்வாகன் கம்பனி 2030க்குள் 35,000க்கு மேற்பட்ட வேலைகளைக் குறைக்க முடிவுசெய்தபோது, கட்டாய ஆட்குறைப்பு இராதென்ற உறுதியைத் தொழிற்சங்கம் பெற்றுக்கொண்டது. முதலாளிகள் துணியத் தாமதித்த காலத்தின் விலையைத் தொழிலாளரே செலுத்துகின்றனர். அதன் சுமையைக் குறைப்பவை சட்டமும் அமைப்புரீதியான ஒற்றுமையுமே என்பது இவ்வரலாறு தரும் படிப்பினையாகும்.